படிக்கிற பிள்ளைக்குப் போரைப் பற்றி என்ன பேச்சு?

கல்லூரி மாணவர்கள் போருக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. பெற்றோர் சொல்கிறார்கள், கல்லூரி நிர்வாகங்கள் சுற்றறிக்கை விடுகின்றன, காவல்துறை அதிகாரிகள் அறிவுரை கூறுகிறார்கள், ஆட்சிக்கு வந்த பிறகு எல்லாக் கட்சிகளும் சொல்கின்றன. 2009 தொடக்கத்தில், இலங்கையின் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது தமிழக மாணவர்கள் கிளர்ந்தார்கள். அன்றைய தி.மு.க. அரசு கல்லூரிகளையும் விடுதிகளையும் காலவரையின்றி மூடியது. நான்கு ஆண்டுகள் கழித்து அ.தி.மு.க. அரசும் அதே பூட்டைத்தான் எடுத்தது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இதில் ஒத்துப்போயின.

2013இல் நடந்தது சுருக்கமாக இது. பிப்ரவரியில், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன் பதுங்குகுழி ஒன்றில் உயிரோடு உட்கார்ந்திருக்கும் படமும், பிறகு சுடப்பட்டுக் கிடக்கும் படமும் நாளிதழ்களில் வெளியாயின. மார்ச் 8ஆம் தேதி சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் கோயம்பேட்டில் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 11ஆம் தேதி விடியுமுன் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. எட்டுப் பேரோடு முடிந்திருக்கக்கூடிய போராட்டம், அந்தக் கைதுக்குப் பிறகு மாநிலம் முழுக்கக் கலை, அறிவியல், சட்ட, பொறியியல் கல்லூரிகளுக்குப் பரவியது. சுதந்திரமான பன்னாட்டு விசாரணையும் ஈழத்தமிழரிடையே பொதுவாக்கெடுப்பும் முக்கியக் கோரிக்கைகள். ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் பல்லில்லாதது என்று மாணவர்கள் அதையும் சேர்த்தே எதிர்த்தார்கள்.

அவர்களை எதிர்த்தவர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்வதுதான் முறை. முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். அதற்குள் பட்டம் வாங்க வேண்டும், வளாக நேர்காணலில் தேற வேண்டும், வீட்டுக் கடனை அடைக்க வேண்டும். எங்கோ நடக்கும் போரை இந்தப் பிள்ளையால் நிறுத்த முடியாது. வெளியுறவு டெல்லியின் வேலை. கூட்டத்தைத் திரட்டுகிறவர்கள் கட்சிக்காரர்கள். லத்தியடி வாங்குவதும் வழக்கில் சிக்குவதும் மாணவர்கள். இது அக்கறையில்லாதவர்கள் சொல்லும் பேச்சல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக ஷிப்டு பார்த்துப் பிள்ளையைப் பொன்னேரி அரசுக் கலைக் கல்லூரிக்கோ கவரைப்பேட்டைப் பக்கம் பொறியியல் கல்லூரிக்கோ அனுப்பும் தகப்பனின் பயம் அதில் இருக்கிறது. பயம் நியாயமானது என்பதால் வாதமும் நியாயமாகிவிடாது. இந்த ஊர்கள் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தை வைத்துப் பார்த்தாலே அதன் ஆறு கால்களும் ஆடுவது தெரியும்.

1. மாணவரின் வேலை படிப்பதுதான் என்கிறார்கள்.

படிப்பைக் கெடுத்தது யார்? 2013 மார்ச் மத்தியில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தது சில நாள். வகுப்பே நடக்காமல் கல்லூரிகளை இழுத்து மூடச்சொன்னது அரசு. போராட்டத்துக்கு வராத மாணவருக்கும் அன்று பாடம் இல்லை, விடுதியில் சோறும் இல்லை. படிப்பின் பெயரால் படிப்பை நிறுத்திய இந்த உத்தரவுக்கு எதிராக அந்த அக்கறையாளர்கள் யாரும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. படிப்பு பாழாவது அவர்களுடைய முதல் கவலையாக இருந்திருந்தால் எழுப்பியிருப்பார்கள்.

வயதுக் கணக்கும் பொருந்தவில்லை. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989இல் வாக்குரிமை வயதைப் பதினெட்டாக்கியது. 2022இல் வந்த அக்னிபத் திட்டம் பதினேழரை வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறது. ஆக, பதினேழரை வயதில் ராணுவத்தில் சேரலாம், பதினெட்டில் போரை நடத்தும் அரசைத் தேர்ந்தெடுக்கலாம், பத்தொன்பதில் கல்லூரி வாசலில் நின்று போர் வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்ளும் தர்க்கம் எது என்று எதிர்த்தரப்பு இதுவரை விளக்கியதில்லை.

அரசியல் நுழையாத வளாகம் அமைதியாக இருக்கும் என்ற நம்பிக்கையும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. தமிழகக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. தேர்தல் நடத்த வழிசொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006இலேயே உத்தரவிட்டும் இதுதான் நிலை. அந்த வெற்றிடத்தில் வளர்ந்தது என்ன? ரயில், பேருந்துத் தடவாரியாகக் கும்பல் சேர்ந்து தலைவன் வைத்துக்கொள்ளும் ‘ரூட்டு தல’ வழக்கம். திருவள்ளூர், அரக்கோணம் பக்கமிருந்தும் கும்மிடிப்பூண்டி பக்கமிருந்தும் சென்னைக்குப் போகும் மின்சார ரயில்களில் பச்சையப்பன் கல்லூரிக்கும் மாநிலக் கல்லூரிக்கும் இடையே வழிவழியாக நடக்கும் மோதல்கள் இந்தத் தடங்களில் போய்வரும் பயணிகளுக்குப் புதிதல்ல. நடைமேடையில் கத்தியைத் தேய்த்துக்கொண்டு போகும் காட்சிகள் செய்தியாக வந்திருக்கின்றன. 2024 அக்டோபரில் திருவள்ளூர் மாவட்டத்து மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரலில் தாக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தார். அந்த வயதின் ஆவேசத்துக்குத் தேர்தல், சங்கம், ஊர்வலம், துண்டறிக்கை என்ற வழிகளை அடைத்தால் அது ரயில் பெட்டியில் வெளிப்படும். பட்டாக்கத்தியோடு வரும் மாணவருக்கும் பதாகையோடு வரும் மாணவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லும் நிர்வாகத்துக்கு இரண்டின் வேறுபாடும் தெரியவில்லை.

2. போர் எங்கோ நடக்கிறது, இங்கே என்ன வந்தது என்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் இதைச் சொல்வதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று இருக்கிறது. பக்கத்தில், புழல் காவாங்கரையில் இன்னொன்று. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நான்கு அலைகளாகப் படகேறி வந்தவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். ஆண்கள் பலருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை, கம்பெனிகளில் தினக்கூலி. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆயிரம், சிறுவர்களுக்கு 500 என்று மாதப் பணக்கொடை 2021இல் உயர்த்தப்பட்டது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் அந்த ஆண்டே ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. முகாமின் பதிவு முறை மாறவில்லை. சரிபார்க்கும் நாளில் ஆள் முகாமில் இருந்தாக வேண்டும், க்யூ பிரிவு போலீஸின் கண்ணும் மேலே இருக்கும். இங்கேயே பிறந்து, இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் குடியுரிமை இல்லாதவராகவே நிற்க நேர்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தபோது இலங்கையைச் சேர்க்கவில்லை.

முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் இந்த வட்டாரக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். வகுப்பில் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் அம்மா எந்த ஷெல்லடிக்குத் தப்பி வந்தார் என்பது ‘எங்கோ நடந்த’ செய்தியா? இதில் யாரும் பேசாத இன்னொரு பக்கமும் உண்டு. போரைப் பற்றிப் பேசும் தகுதி எல்லோரையும்விட அதிகமாக இருக்கும் அந்த மாணவரால் ஊர்வலத்தில் நிற்க முடியாது. ஒரு புகைப்படம், ஒரு பெயர்ப்பட்டியல், ஒரு விசாரணை போதும். முகாமில் குடும்பத்துக்கே சிக்கல். பாதிக்கப்பட்டவருக்குப் பேச வாயில்லாத இடத்தில், குடியுரிமை உள்ள சக மாணவரும் ‘எனக்கென்ன’ என்று ஒதுங்கினால் அந்த வகுப்பறையில் போரைப் பற்றிப் பேச ஆளே மிஞ்சாது. மாணவர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாததைப் பேசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு தலைகீழானது. சம்பந்தப்பட்டவர் பேச முடியாததால்தான் இவர்கள் பேசுகிறார்கள்.

முகாமை விட்டுவிட்டாலும் மாவட்டம் போரை விடவில்லை. ஆவடியில் 1960களிலிருந்து கனரக வாகனத் தொழிற்சாலை இயங்குகிறது. விஜயந்தாவில் தொடங்கி அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் வரை இந்திய ராணுவத்தின் டாங்கிகள் அங்கேதான் உருவாயின. ராணுவச் சீருடை தைக்கும் ஆலையும், டாங்கி எஞ்சின் ஆலையும், போர் வாகன ஆராய்ச்சி நிலையமும் அதே ஆவடியில். 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சென்னை ஒன்று. ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் முடித்த இந்த வட்டாரப் பிள்ளைகளுக்குப் போர்த்தளவாடம் ஒரு வேலைவாய்ப்பு. அந்த வேலையைச் செய்யலாமா என்பது அவரவர் முடிவு. அதைப் பற்றி யோசிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு அதே பிள்ளையை நேர்காணலுக்கு அனுப்புவது முடிவைப் பறிப்பது.

சிப்காட்டின் இரும்பு உருக்காலைகள் இன்னும் நேரடியான சாட்சி. அங்கே ஃபர்னஸில் போவது உள்ளூர் ஸ்கிராப் மட்டுமில்லை, துறைமுகம் வழியாகக் கன்டெய்னரில் வரும் வெளிநாட்டு ஸ்கிராப்பும்தான். போர் நடந்த நாடுகளின் உடைந்த இரும்பு உலகச் சந்தையில் பழைய இரும்பாகத்தான் விலைபோகிறது. 2004 செப்டம்பர் கடைசியில் டெல்லிக்கு அருகே சாகிபாபாத்தில், மேற்காசியாவிலிருந்து வந்த பழைய இரும்புக்குள் வெடிக்காமல் கிடந்த குண்டு வெடித்து உருக்காலைத் தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் வெட்டித் துண்டாக்காத ஸ்கிராப் இறக்குமதிக்குக் கப்பலேற்றும் முன் சோதனைச் சான்று கட்டாயமென்று மத்திய அரசு விதிகளை இறுக்கியது. ஈராக்கில் யாரோ சுட்ட குண்டின் மிச்சத்தை, பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த கூலித் தொழிலாளி இந்திய உருக்காலையின் முற்றத்தில் கையால் பிரிக்கிறார். போருக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று நம்புவதற்கான வசதி அவருக்கு இல்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழக மாணவர்கள் பதுங்கு அறைகளிலும் ரயில் நிலையங்களிலும் தவித்துத் திரும்பினார்கள். கார்கிவில் கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். அப்போது யாரும் ‘படிக்கிற பிள்ளைக்குப் போரைப் பற்றி என்ன’ என்று கேட்கவில்லை.

வெளியுறவை டெல்லியிடம் விட்டுவிட வேண்டும் என்போருக்கு ஒரு தேதி. 2009 மே 27. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானம் 29க்கு 12 என்று நிறைவேறியது. இந்தியா அதை ஆதரித்து வாக்களித்தது. இங்கே கல்லூரிகளைப் பூட்டிவிட்டு, முடிவை டெல்லியிடம் விட்டதன் பலன் அது. விட்டுவிடாத ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது ஐந்தாவதில் வருகிறது.

3. கட்சிகளின் கைப்பாவை என்கிறார்கள்.

எந்தக் கட்சியின்? 2013 மார்ச்சில் தி.மு.க. மத்தியக் கூட்டணியில் பங்காளி. காங்கிரஸ் அந்தக் கூட்டணியின் தலைமை. மாணவர்களை உண்ணாவிரதப் பந்தலிலிருந்து அகற்றிய காவல்துறை அ.தி.மு.க. ஆட்சியின் கையில். மூன்று பெரிய கட்சிகளுக்கும் அந்தப் போராட்டம் தலைவலி. சிறு கட்சிகளும் இயக்கங்களும் பந்தலுக்கு வந்தன, உண்மைதான். கூட்டம் இருக்கும் இடத்துக்கு அவை வராமல் இருக்காது. காலவரிசையைப் பார்த்தால் யார் யாரை ஆட்டுவித்தார்கள் என்பது தெரியும். உண்ணாவிரதம் மார்ச் 8. மத்திய அரசிலிருந்து தி.மு.க. விலகியது 19. ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா எழுதியது 26. பொதுவாக்கெடுப்புக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 27. மாணவர்கள் முன்னால் போக, கட்சிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடிய மூன்று வாரம் அது.

4. அது போர் எதிர்ப்பே கிடையாது, ஒரு தரப்பின் ஆதரவு என்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது ஒன்றுதான். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, இறுதிக்கட்டத்தில் நாற்பதாயிரம் வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. அரசுப் படைகள் மருத்துவமனைகளின் மீது ஷெல் அடித்ததைப் பதிவுசெய்தது. அதே அறிக்கை, புலிகள் மக்களைக் கேடயமாக நிறுத்தியதையும், தப்பியோட முயன்றவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் பதிவுசெய்தது. 2013இன் பதாகைகளில் முதல் பாதி இருந்தது, இரண்டாம் பாதி இல்லை. அதே நாள்களில் தஞ்சாவூரிலும் சென்னை சென்ட்ரலிலும் பௌத்தத் துறவிகள் தாக்கப்பட்டார்கள். செய்தவர்கள் உண்ணாவிரத மாணவர்கள் இல்லை என்றாலும், போராட்ட மேடைகளிலிருந்து வர வேண்டிய கண்டனம் போதிய அளவு உரக்க வரவில்லை. இந்தக் குறையை மூடி மறைத்து மாணவர்களுக்கு வக்காலத்து வாங்குவது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

ஆனால் இந்த ஆட்சேபம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? பாதி உண்மையைப் பேசியவர்களிடம் மீதியையும் பேசு என்று சொல்வதற்கு. வாயை மூடு என்று சொல்வதற்கு அல்ல. அறிக்கையை வளாகத்தில் வைத்து முழுக்கப் படிக்க வேண்டும் என்றால் கூட்டம் நடத்த அரங்கு வேண்டும், அழைக்கப் பேச்சாளர் வேண்டும், எதிர்க்கேள்வி கேட்க இடம் வேண்டும். அதற்குத்தான் அனுமதி மறுக்கப்படுகிறது. அரங்கை மறுத்து மாணவரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, தெருவில் நுணுக்கம் இல்லை என்று குறை சொல்கிறார்கள்.

5. இதனால் ஒன்றும் மாறாது என்கிறார்கள்.

மாணவர்கள் எந்தப் போரையும் தனியாக நிறுத்தியதில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளும் மாணவத் தலைவர்களும் வரலாற்றைப் பெருக்கிக் கூறுகிறார்கள். ஓஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1970 மே 4 அன்று தேசியக் காவற்படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்த பிறகும் வியட்நாமிலிருந்து அமெரிக்கப் படைகள் வெளியேற மூன்றாண்டு ஆனது. ஆனால் ‘நிறுத்தவில்லை’ என்பதிலிருந்து ‘ஒன்றும் மாறவில்லை’ என்பதற்குத் தாவுவது தர்க்கப் பிழை. 1985இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து மூன்று வாரம் ஒரு கட்டடத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு அந்தப் பல்கலைக்கழகம் தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்த நிறுவனங்களிலிருந்து தன் முதலீட்டை விலக்க முடிவெடுத்தது. நம்மூரில் 1965இன் மொழிப் போராட்டத்தை நடத்திய மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் இரண்டு ஆண்டுகளில் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் இழந்த ஆட்சி தமிழ்நாட்டில் அதற்கு மீண்டும் கிடைக்கவே இல்லை.

இலங்கை விஷயத்தில் கணக்கு கலவையானது. 2009இல் கொழும்பின் பக்கம் நின்ற இந்தியா 2012இலும் 2013இலும் கொழும்புக்கு எதிரான தீர்மானங்களுக்கு வாக்களித்தது. 2013 நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் போனார். 2014இல் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரிக்க வழிசெய்த தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் விலகிக்கொண்டது, தீர்மானமோ நிறைவேறியது. அதன் விசாரணை அறிக்கை 2015 செப்டம்பரில் வந்தது. தண்டனை பெற்ற தளபதிகள் யாருமில்லை. இவற்றில் எது மாணவர்களால் வந்தது, எது தேர்தல் கணக்கால், எது அமெரிக்காவின் நெருக்குதலால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் தெருக்கள் அமைதியாக இருந்திருந்தாலும் டெல்லி இதே வழியில் நகர்ந்திருக்கும் என்று வாதிடுகிறவர்கள், தெருக்கள் அமைதியாக இருந்த ஆண்டுகளில் டெல்லி ஏன் நகரவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

6. வேலை போகும், பாஸ்போர்ட் கிடைக்காது, எதிர்காலம் பாழ் என்கிறார்கள்.

முன்சொன்ன ஐந்தும் மேடைக்கு. உண்மையில் பெற்றோரைக் கட்டிப்போடுவது இதுதான். இதில் பாதி மிகைப்படுத்தல். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதாலேயே பாஸ்போர்ட் மறுக்கப்படுவதில்லை; 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கைத்தான் பேசுகிறது. ஆனால் மீதி உண்மை. அரசு வேலையில், குறிப்பாகக் காவல்துறைத் தேர்வில், நிலுவை வழக்கு ஆளைக் கவிழ்த்துவிடும். சட்டவிரோதமாகக் கூடியது, அதிகாரியின் பணிக்கு இடையூறு செய்தது என்ற பிரிவுகள் சாலையோரம் அமைதியாக உட்கார்ந்த மாணவர்மீதும் எளிதாகப் பாயும். சிப்காட் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு வழக்கு விவரத்தைச் சட்டப்படி கேட்காவிட்டாலும், சங்கம் வைக்கக்கூடிய ஆள் என்ற வாசனை பட்டால் வடிகட்டிவிடும்.

செலவு உண்மையென்றால், அதை விதிப்பவர் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. போராடியதால் யாருடைய வேலையும் தானாகப் போவதில்லை. வழக்குப் போடும் காவல் நிலையமும், இடைநீக்கம் செய்யும் நிர்வாகமும், பட்டியல் பார்க்கும் கம்பெனியும்தான் அதைப் பறிக்கின்றன. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டிருந்தபோது, புனேயில் பத்தொன்பது வயதுப் பொறியியல் மாணவி ஒருவர் சமூக ஊடகத்தில் ஒரு பதிவைப் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார். கல்லூரி அவரை வெளியேற்றியது, காவல்துறை கைது செய்தது. மே 27 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அவரை உடனே விடுவிக்கச் சொல்லி, வெளியேற்றிய உத்தரவை நிறுத்திவைத்து, தேர்வு எழுத விடும்படி ஆணையிட்டது. அந்த மாணவியின் படிப்பைப் பாழாக்கப் பார்த்தது ஒரு பதிவா, அதற்குக் கல்லூரியும் காவல்துறையும் கொடுத்த தண்டனையா என்பதை நீதிமன்றமே பிரித்துக் காட்டிவிட்டது.

எனவே சிப்காட் தொழிலாளியான அந்தத் தகப்பனின் பயத்துக்குப் பதில் அவருடைய பிள்ளையிடம் இல்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பொன்னேரியில் படிக்கும் மாணவருக்கும் சேர்த்தே தந்திருக்கிறது. அமைதியாகக் கூடிய மாணவர்கள்மீது பதிந்த வழக்குகளை நிலுவையில் இழுக்காமல் கைவிடுவது மாநில உள்துறை செய்யக்கூடிய வேலை. கூட்டம் நடத்த அரங்கு கேட்டு வரும் விண்ணப்பத்தைக் காவல் நிலையத்துக்கு அனுப்பாமல் தாமே முடிவெடுப்பது கல்லூரி முதல்வர்கள் செய்யக்கூடிய வேலை. மாணவர்கள் ஒதுங்கிப் போக வேண்டும் என்போர் இந்த இரண்டையும் எந்த அரசிடமும் எந்த நிர்வாகத்திடமும் கேட்டதாகத் தெரியவில்லை.